டார்ச்சுக்காரிக்குப் பேய் பிடித்த கதை

திரையில் பேய் வந்தால் இயக்குநரைப் புகழ்கிறீர்கள், நடிகையைப் புகழ்கிறீர்கள், பின்னணி இசை போட்டவரைக்கூடப் புகழ்கிறீர்கள். அந்தப் பேயை அங்கே வரச் சொன்னது யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

வரச் சொன்னவர் கேமரா பக்கமே போகாதவர். ஸ்டுடியோவின் மேல்மாடியில் நீள மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். அவருடைய ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்நாள் வேலை தலைகீழான கதை இது.

அந்தப் பெண்ணை எல்லாரும் மசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விரல் நகங்களில் கறுப்பு மசி ஒட்டாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. "கல்யாண போட்டோல கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்ன ஒரே பொண்ணு இவதான். ஏதோ போலீஸ் பிடிச்சுட்டு வந்த மாதிரி" என்று அவர் கணவர் இன்றைக்கும் கேலி செய்வார். கணவருக்குப் பல் செட் செய்யும் தொழில்.

ஒரு வாரப் பத்திரிகையில், சித்திரக்கதைக் கட்டங்களுக்குள் வசனம் எழுதும் வேலைக்குத்தான் மசியக்கா முதலில் சேர்ந்தார். பிறகு சொந்தமாக ஒரு தொடர் வரைய ஆரம்பித்தார். கதாநாயகி மின்கம்பி பழுது பார்ப்பவள். பருமனான உடம்பு, அடங்காத வாய், இடுப்பில் ஒரு டார்ச். கரண்ட் போன வீட்டுக்கு அவள் போவாள். அங்கே பேய் இருக்கும். ஊரே அவளை டார்ச்சுக்காரி என்றது.

ஒவ்வொரு கதையும் இரண்டு வாரம் வரும். முதல் வாரம் பேய். அடுத்த வாரம் அந்தப் பேயைச் செய்த ஆள், அவன் பயன்படுத்திய நூல், கண்ணாடி, ஈரத் துணி. மசியக்கா இரண்டாவது வாரத்தைத்தான் முதலில் வரைவார். வீட்டுச் சமையலறையில் கண்ணாடியைச் சாய்த்து, நூலை இழுத்து, தந்திரம் உண்மையிலேயே பலிக்கிறதா என்று சோதித்த பிறகே பேய்க்கு உருவம் கொடுப்பார். "குழம்பு கொதிக்குது, கொஞ்சம் உன் பேயை அந்தப் பக்கம் நகர்த்துறியா?" என்று கணவர் கத்துவாராம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. மசியக்காவின் மூத்த சகோதரிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். வீட்டார் அதைப் பேய் என்றார்கள். பேயோட்டி வந்தான், அடித்தான், காசை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது, தனி அறையில் பூட்டி வைக்கச் சொன்னான். பூட்டினார்கள். ஒரு பகல்வேளை, உள்ளே சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற தங்கைக்குத் தாழ்ப்பாள் எட்டவில்லை. மாத்திரையால் அடக்கியிருக்கக்கூடிய நோய் அது. அந்தப் பெண்ணைக் கொன்றது நோயல்ல, மூடத்தனமும் அதற்குப் போட்ட பூட்டும்.

மசியக்கா இதை யாரிடமும் பேசியதில்லை. வரைந்தார், அவ்வளவுதான்.

பத்திரிகை நின்றுபோனது. முதலாளி மேசை நாற்காலிகளோடு டார்ச்சுக்காரியையும் விற்றார். படைத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சட்டமும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. டிவி தொடர் எடுப்பதற்காக அதை வாங்கிய ஸ்டுடியோவில் திட்ட அலுவலராக இருந்த பெண், அந்தப் படக்கதைகளைப் படித்தே வளர்ந்தவள். மேல்மாடியில் இருந்த ஸ்டுடியோ தலைவருக்கு எதையும் படிக்கப் பொறுமை கிடையாது, சுவரில் படம் ஒட்டினால் நின்று பார்ப்பார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எனவே அவள், கண்ணைப் பறிக்கும் பக்கங்களாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினாள். கண்ணைப் பறித்தவை எல்லாம் முதல் வாரப் பக்கங்கள். நூலும் கண்ணாடியும் சுவருக்கு வரவே இல்லை.

தலைவர் பார்த்தார். "இந்தப் பேய்ங்க எனக்கு வேணும்" என்றார். அடுத்த நாளே விளம்பரதாரர்கள் கூடிய மேடையில், "பேய் நிஜம்னு நம்ப வைக்கப் போறோம்" என்று முழங்கிவிட்டார். அதற்குப் பிறகு, மூலக்கதையில் பேயே இல்லை என்று அவரிடம் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதாநாயகியை ஒல்லியாக்குங்கள், அவளுக்கு ஒரு காதலனைக் கொடுங்கள், டார்ச்சை அவன் கையில் கொடுங்கள் என்று பலர் நச்சரித்தபோது அத்தனையையும் மறுத்தவர் இதே தலைவர்தான். "அவ இப்படித்தான் இருப்பா" என்று அடித்துச் சொன்னார். ஒரு நல்ல முடிவை எடுக்க அவரால் முடியும் என்பதுதான் என் கோபத்தை இரட்டிப்பாக்குகிறது.

ஆலோசகர் என்ற பெயரில் மசியக்காவைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்று எழுந்து நின்று வரவேற்றார் தலைவர். "உங்க பேயைப் பார்த்துட்டு எனக்கு மாடிப்படி ஏறவே பயமா இருக்கு."

"எதுக்கு சார் பயம்? அது ஆளுதானே. அடுத்த வாரம் மாட்டிக்குவான்."

"அடுத்த வாரமா?"

திட்ட அலுவலர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினாள். மசியக்கா பையிலிருந்து இரண்டாவது வாரப் பக்கங்களை எடுத்து மேசையில் பரப்பினார். தலைவர் குனிந்து, நிதானமாக, முதல் முறையாகப் படித்தார். முகம் மலர்ந்தது. "அட! கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சா போதுமா? பிரமாதம்மா!"

அந்த ஒரு கணம் மசியக்கா நம்பினாராம்.

"ஆனா நான் மேடையில சொல்லிட்டேனே" என்றார் தலைவர்.

"நீங்க சொன்னதுக்காகப் பேய் வந்துடுமா சார்?"

"இந்தக் கட்டடத்துல வரும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் கூட்டம் சீக்கிரம் முடியும் அல்லவா? மசியக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தந்திரத்தைக் காட்ட ஒரு நிமிடம் கேட்டார். பயத்தோடு உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டால் அடுத்த பாகத்துக்கு வருவானா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். வேறு வழி தெரியாமல், யாரிடமும் சொல்லாததை மசியக்கா அங்கே சொன்னார். "எங்க அக்காவைப் பேய்னு சொல்லித்தான் சார் பூட்டி வெச்சாங்க. உள்ளேயே செத்துப் போயிட்டா."

தலைவரின் கண் கலங்கியது. நடிப்பில்லை என்கிறார் மசியக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இதையும் கதையில சேர்த்துடலாம்மா."

சேர்த்தார்கள். பூட்டிய அறை, உள்ளே துடிக்கும் பெண், வெளியே தாழ்ப்பாள் எட்டாத தங்கை. எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு உண்மையாகவே பேய் பிடித்திருந்தது. டார்ச்சுக்காரியே வந்து, அறை பூட்டியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பேயோட்டிக்கு வெளிச்சம் பிடித்தாள்.

மசியக்கா தன் பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். பெயரை எடுப்பது அவர்களுக்கு எளிது. கதையைத் திரும்பக் கொடு என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை.

அந்தப் பாகம் வந்த மாலையில் கணவர் டிவியை அணைக்க எழுந்தார்.

"இருங்க. யாராவது டாக்டரைக் கூப்பிடுறாங்களான்னு பார்க்கணும்."

"கூப்பிட மாட்டாங்கடி. நான் செய்யுற பொய்ப் பல்லு மெல்லவாவது உதவுது. இதுக்கு என்ன உபயோகம்?"

யாரும் கூப்பிடவில்லை. மசியக்கா அன்று சாப்பிடவில்லை. கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாராம்.

மறுநாள் திட்ட அலுவலர் போனில் அழுதாள். "முதல் நாளே நான் சொல்லியிருக்கணும்க்கா." மசியக்கா அவளைத் திட்டவில்லை. "இப்பவாவது சொல்லு. அவர்கிட்ட சொல்லு, என்கிட்ட இல்ல" என்றார். அவள் சொன்னாளா என்று இதுவரை தெரியவில்லை. தொடருக்குக் கூட்டம் குவிகிறது. இரண்டாம் பருவம் தயாராகிறது.

ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில், அந்தப் பாகத்தின் கீழே ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் பொண்ணுக்கும் இப்படியேதான் வருது. பல்லைக் கடிச்சுக்கிட்டு விழறா. யார்கிட்ட கூட்டிட்டுப் போகணும்?" அதற்குப் பதிலாகப் பேயோட்டிகளின் முகவரிகள் வரிசையாக வருகின்றன. "நரம்பு டாக்டர்கிட்ட போங்கம்மா, இது வலிப்பு" என்று மசியக்கா எழுதினார். கொஞ்ச நேரத்தில் அது முகவரிகளுக்கு அடியில் புதைந்தது. மறுபடி எழுதினார். மறுபடி புதைந்தது. மசி படிந்த விரலால் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாய் இன்னும் பதில் எழுதவில்லை.

ஒரு ஆள் எழுதினால் புதைந்துவிடும். ஆயிரம் பேர் எழுதினால் புதையாது. மேல்மாடிக்கும் கேட்கும். இதைப் படித்து முடித்த கையோடு அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அந்தத் தாய்க்குப் பதில் எழுதுங்கள்: இது பேய் இல்லை, நோய். மருந்து இருக்கிறது. மகளைப் பூட்டி வைக்காதீர்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.