மாலை போட்ட மாதிரிப் படம்

நாவற்குடாவில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கலியாணப் படக்காரன் என்றுதான் பெயர். ஆனால் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு பல மாதங்களாக ஒரு கலியாணமும் எடுக்கவில்லை. சனங்கள் உப்புத்தண்ணியில் ஊறிய படங்களைத்தான் கொண்டுவந்தார்கள். முகம் பாதி போயிருக்கும். அதைக் கணினியில் ஏற்றி, கண்ணையும் காதையும் ஒட்டிச் சீராக்கி, செத்தவர்களின் படத்துக்குச் செய்வதுபோல ஒரு பூமாலையும் கீழே ஒரு குத்துவிளக்கும் சேர்த்துக் கொடுப்பேன். இரண்டும் கணினியில் தயாராக இருந்தன. யார் முகம் வந்தாலும் அதே மாலை, அதே விளக்கு.

அந்த நாட்களில் நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் போன்ற படக்காரர்களைக் கூப்பிட்டு வகுப்பு வைத்தார். உங்கள் வேலையை உலகத்துக்குக் காட்டுங்கள், காட்டாத வேலை செய்யாத வேலைதான் என்றார். எனக்கு அது ஊசி போட்டதுபோல ஏறிவிட்டது. இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினேன். இடப்பக்கம் பழுதான படம், வலப்பக்கம் நான் திருத்திய படம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாராட்டு வந்தது. கைராசிக்காரன் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

சண்டை முடிந்த வருடம் தேற்றாத்தீவிலிருந்து ஒரு அம்மா வந்தார். சண்டை நடந்த வன்னிக்குப் போன மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கையிலிருந்தது கறையான் அரித்த ஒரேயொரு படம். முகாம் முகாமாகக் காட்டித் தேடவேண்டும், தெளிவாகப் பெரிதாக்கித் தாருங்கள் என்றார். இரண்டு நாள் மினக்கெட்டேன். மூக்கு முழுவதும் நானே கட்டியது. அவருக்குக் கொடுத்த படத்தில் வெறும் முகம் மட்டும்தான். “என்ட புள்ளதான்” என்று சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

என் புத்தி அதோடு நின்றதா? இவ்வளவு நல்ல வேலையை யாரும் பார்க்காமல் வைத்திருப்பதா என்று நினைத்தேன். மற்றப் படங்களோடு ஒரே வரிசையில் எடுப்பாக இருக்கட்டும் என்று, மாலையையும் விளக்கையும் இதற்கும் போட்டு என் பக்கத்தில் ஏற்றினேன். காணாமல் போனவர் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவன் ஒரு மனிசனாக எனக்குத் தெரியவில்லை. என் வேலைக்கு ஒரு மாதிரிப் படமாகத்தான் தெரிந்தான். சீ, என்ன பிறவி நான்!

கட்டாரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அந்த அம்மாவின் தங்கச்சி அதைக் கண்டுவிட்டார். அங்கிருந்தே அழுது குழறிக்கொண்டு ரெலிபோன் எடுத்திருக்கிறார். பின்னேரத்துக்குள் அம்மாவின் வீட்டில் செத்தவீடுபோல ஊர் கூடிவிட்டது. படத்தின் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஆழ்ந்த அனுதாபம் எழுதத் தொடங்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. உடனே படத்தை அழித்தேன்.

அடுத்த நாள் காலை நான் கடை திறக்க வந்தபோது அந்த அம்மா வாசலில் நின்றார். ஏசுவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்று பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் பெரிய புண்ணியம். உள்ளே வந்து கதிரையில் அமைதியாக இருந்தார்.

“ஆரு தம்பி உங்களுக்குச் சொன்ன?”

ஒருவரும் சொல்லவில்லை, விளம்பரத்துக்காக நானாகப் போட்டது, பிழை முழுக்க என்னுடையது என்றேன். காலில் விழாத குறை. கணினியைத் திறந்து, மாலையைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். உங்கள் மகனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சத்தியம் பண்ணினேன்.

கண்டதைச் சொன்னால் ஆபத்து என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மகனைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்தார்.

“பயப்படாத மனே. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எங்க கிடந்தான் எண்டு மட்டும் சொல்லு.”

நான் அழுதுகொண்டே திரும்பவும் உண்மையைச் சொன்னேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“உசிரோட இருக்கிற புள்ளைக்கு விளம்பரத்துக்கெண்டு ஆராச்சும் மாலை போடுவாங்களா மனே?”

அதற்குப் பிறகு அவர் ஒரு முகாமுக்கும் தேடிப் போகவில்லை. ஸ்டூடியோவை நான் ஒரேயடியாக மூடும்வரை, கிழமைக்கு ஒருதரம் என்னிடம்தான் கேட்க வந்தார்.