அப்பா காது வைத்த இடம்

தாராவியில் எங்கள் சந்தில் யாருடைய அப்பாவுக்கு என்ன பெருமை இருந்தாலும் சரி, மொத்தச் சந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது என் அப்பாவுக்காக மட்டும்தான். இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

அப்பாவுக்குத் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்த இரும்புக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று தோண்டாமலே சொல்லிவிடுவார். நீளமான கம்பி ஒன்றைத் தரையில் ஊன்றி, அதன் மேல்முனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைப்பார். அடியில் தண்ணீர் பீறிட்டால் சத்தம் கம்பி வழியே ஏறி வரும். ஆனால் சுற்றிலும் சத்தம் இருக்கக் கூடாது. தாராவியில் சத்தம் இல்லாமலா!

நான் நாலாவது படிக்கும்போது ஒன்பது நாள் சந்தில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காண்டிராக்டர் ஆட்கள் இரண்டு இடத்தில் தோண்டினார்கள். இரண்டிலும் காய்ந்த மண்தான். பெரிய ரோட்டைத் தாண்டிக் குடம் சுமந்து பெண்களுக்கு இடுப்பு ஒடிந்தது. பத்தாம் நாள் மாநகராட்சி இன்ஜினியர் அப்பாவைக் கூட்டி வந்தார்.

என்னைப் பிடிக்க முடியுமா? "மெஷின நிப்பாட்டுங்க, எங்கப்பா காது வைக்கப் போறாவ!" என்று முன்னால் ஓடி ஓடிக் கத்தினேன். தோல் பை தைக்கிறவர்கள் நிறுத்தினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே சந்தில் இட்லி மாவு அரைத்து விற்றுவந்தார். மூன்று கிரைண்டரையும் அணைத்துவிட்டு, "அத்தான் கேக்கட்டும். ஒருத்தரும் இருமப்படாது!" என்று அவரே சந்துக்கு உத்தரவு போட்டார்.

அப்பா அடி அடியாகக் காது வைத்துக்கொண்டு வந்து மாமாவின் கடைக்குள் போனார். கடையை நீட்டி மாமா புதுத் தளம் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அங்கே காது வைத்தார். எழுந்து வெளியே ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடியும் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் வைத்தார். எவ்வளவு கவனம் பாருங்கள் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

"பக்கா?" என்று உறுதி கேட்டார் இன்ஜினியர்.

"பக்கா, சாப்" என்றார் அப்பா. மாமாவை அவர் பார்க்கவில்லை.

தளத்தை உடைத்து நாலடி தோண்டியதுமே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சந்தே கைதட்டியது. சாயங்காலம் எல்லாக் குழாயிலும் தண்ணீர். குழாய்க்கு மேல் இனி எதுவும் கட்டக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டதால் மாமாவுக்குப் பாதிக் கடைதான் மிஞ்சியது. ஒரு கிரைண்டருக்குத்தான் இடம் இருந்தது.

அதெல்லாம் எனக்கு எங்கே ஏறியது? நேராக மாமாவிடம் போய், "பாத்தீங்களா மாமா, எங்கப்பா மூணு தடவ காது வச்சுக் கண்டுபுடிச்சாவ!" என்றேன்.

மாமா கிரைண்டரில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அத்தானுக்கு மொதத் தடவையே கேட்டிருக்கும் மக்ளே" என்றார்.

அடேயப்பா, என்ன பாராட்டு! வீட்டுக்கு ஓடிவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அவன் சாப்ட்டானா?" என்று கேட்டார்.

இவ்வளவு பெரிய புகழ்ச்சியைச் சுமந்துகொண்டு ஓடிவந்தால் இப்படியா கேட்பார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.