இறக்கையில் மஞ்சள்

தீபாவளி முடிந்த கையோடு நம் ஊர் ஹைஸ்கூல் ஹாலில் விமானக் கண்காட்சி வந்திருக்கிறதே... பார்த்தீர்களா? மியூசியத்திலிருந்து கொண்டுவந்த அந்தக் காலத்து மரப் புரொப்பல்லர், விமானியின் தோல் தொப்பி, காற்றுக்கு அவர் போட்டுக்கொண்ட மூக்குக்கண்ணாடி. என்னை நிறுத்தியது ஒரு முழத் துணி.

பக்கத்தில் அட்டை: ‘கீழ்பென்னாத்தூர் அருகே இறங்கிய விமானத்தின் இறக்கைத் துணி. கிழிசலை வெள்ளைக்கார விமானியே தைத்தார். ஓரத்தில் எஞ்சின் ஆயில் கறை.’

என்னோடு வந்த வசந்தா – எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் – அதைப் படித்துவிட்டு நகரவே இல்லை.

“இது எங்க அம்மா தச்சதுங்க.”

எனக்கு அந்தக் கதை தெரியும். வேர்க்கடலைக் கொல்லையில் ஏரோப்ளேன் இறங்கியதாம், கிழிந்த இறக்கைக்குத் தான்தான் ஒட்டுப் போட்டாராம். வசந்தாவின் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தேன்.

கண்காட்சி அதிகாரி, “எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?” என்றார்.

“அம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்க. தைக்கத்தான் தெரியும். நீங்க அட்டைய மாத்துங்க.”

“அதெல்லாம் முடியாதும்மா.”

முடியாது என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவோம். வசந்தா மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் நின்றார். அதற்கடுத்த நாளும். கடையில் கல்யாண பிளவுஸ்கள் காத்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் நானும் போனேன். அதிகாரி அலுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். வசந்தா ஒட்டின் மடிப்பை விரலால் விலக்கிக் காட்டினார். வெளிச்சம் படாத உள்பக்கத்தில் பளிச்சென்று மஞ்சள்.

“ஒட்டு புதுத் துணிங்க. மஞ்சள் வைக்காம அம்மா ஊசிய எடுக்க மாட்டாங்க.”

“ஆயில்கூட பழசானா இப்படித்தாம்மா இருக்கும்.”

வசந்தா அவருடைய புதுச் சட்டையைப் பார்த்தார். “அப்ப உங்க காலர்ல இருக்கறது எந்த எஞ்சினோட ஆயிலுங்க?”

மனிதர் காலரைத் தடவிப் பார்த்தார். தீபாவளிக்கு வீட்டில் வைத்துக் கொடுத்த மஞ்சள்! பேனாவை எடுத்தார். ‘உள்ளூர்ப் பெண் ஒருவர் தைத்தது’ என்று எழுதினார். இதுவே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

வசந்தாவுக்குத் தோன்றவில்லை. “அந்தப் பொம்பளைக்குப் பேரு இருக்குதுங்க. கன்னியம்மா.”

அதிகாரி இன்னொரு அட்டை எடுத்து, பெயரோடு எழுதி வைத்தார். வசந்தா எழுத்து எழுத்தாகப் படித்தார். அப்புறம்தான் அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறது. கன்னியம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொஞ்சம் முன்னாடியே போய் வாருங்கள்.