படிப்பு நின்ற மதியம்

நேற்று அடுப்பில் சோறு தீய்ந்த வாடை, என்னை நான் வளர்ந்த மலாய் நாட்டுப் பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இழுத்துப்போனது. பிறப்புப் பத்திரம் இல்லையென்று என்னைப் பள்ளியில் சேர்க்கவில்லை. சமையலுக்கும் மாடுகளுக்கும் நடுவே அம்மாவே பாடம் சொல்லித்தந்தாள். ஒரு மதியம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பசு கயிற்றை அறுத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் ஓடியது. இருவரும் துரத்திப் பிடித்து வந்தபோது உலையில் இருந்த சோறு கரியாகியிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“என்னால முடியலடி. நாளையிலேருந்து படிப்பு வேணாம். நீ மாட்டப் பாத்துக்க.”

அப்போது எனக்கு ஒன்பது வயது. துள்ளிக் குதித்தேன். நேற்று, தீய்ந்த சோற்றுப் பானையை ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மகள் தன் பள்ளியிலிருந்து வந்த மலாய்க் கடிதத்தை நீட்டினாள். எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாதென்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

“கண்ணு மங்கலா இருக்கும்மா, நீயே படிச்சுச் சொல்லு” என்றேன்.