போடிக்குக் கொண்டுவந்த ஏலக்காய்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எனக்கெல்லாம் எழுத என்ன தகுதி என்று இரண்டு முறை காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள்.

எழுபதுகளின் நடுவில், போடிநாயக்கனூரில் நடந்தது இது. நாங்கள் அப்போதுதான் சிலோன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்திருந்தோம். இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், ஒரே குடும்பத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் இந்தியா என்று எழுதிவிட்டார்கள். அம்மாவுக்கு அங்கேயே இருக்கும்படி ஆனது. வீட்டுக்காரருக்குப் போடியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்தது. மலையைப் பார்த்த ஒரு தெருவில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியேறினோம்.

ஊரும் தமிழ் பேசும் ஊர், நாங்களும் தமிழர்கள். ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழாயடியில் யாரைப் பார்த்தாலும், பேர் கேட்பதற்கு முன்னால் "என்ன கொழம்பு?" என்று கேட்டார்கள். இவர்களுக்கு ஏன் என் அடுப்பின் மேல் இவ்வளவு அக்கறை என்று பயந்து, முதல் வாரம் முழுக்க "இன்னும் வைக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சும்மா நலம் விசாரிப்பதாம். நான் தேங்காய் போட்டுத் தட்டிய ரொட்டியைப் பார்த்து, "இது அடையா, எருவட்டியா?" என்று சிரித்தார்கள். அவர்கள் கொடுத்த கம்மஞ்சோற்றை எப்படி விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மென்றுகொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் புரியவில்லை. ஊர் முழுக்க ஏலக்காய் மணக்கும். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகள் பொழுது சாயத் திரும்பும்போது அந்த வாசனையோடுதான் வரும். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் கிட்டங்கியில், அதாவது ஏலக்காய்க் கிடங்கில், காய் பொறுக்கப் போனார்கள். பச்சைக்காய், வெடித்த காய், உள்ளே விதையில்லாத பொக்கு என்று தரம் பிரிக்கிற வேலை. அவர்கள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் குடமும் மணக்கும். ஆனால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் அந்த வாசனை இருக்காது. பொங்கலில் கிடையாது, பாயசத்தில் கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவும் காய் பொறுக்குகிறவள்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் வீட்டுக்காரர் மலையில் ஜீப்பு உருண்டதில் இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அவள் கூலியில்தான் மூன்று பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அப்படியும் தினம் ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

என் மகளுக்கு அம்மை போட்டது. தெருவே வந்து நின்றது. ஒருத்தி வேப்பிலை ஒடித்து வந்தாள், ஒருத்தி இளநீர் கொண்டுவந்தாள். அக்கா மூன்று இரவு எங்களோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்ததும், இவர்களுக்கெல்லாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வாயால் நன்றி சொல்ல வராது. அதனால் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றி, எங்கள் தோட்டத்தில் விசேஷத்துக்குச் செய்கிறபடி ஏலக்காயைப் பொடித்துப் போட்டேன். அந்த ஏலக்காய் அம்மா கொடுத்தது. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற செடியில் பறித்துக் காயவைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். டம்ளரை வாயருகே கொண்டுபோன எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தி மட்டும், "ஏத்தா, சிலோன்காரி வீட்டுல மொதலாளி வீட்டு வாசம்ல வீசுது!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாயோடு டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையின் மனைவி அதே தெருவில்தான் இருந்தார். அவர் மட்டும் முழுவதும் குடித்துவிட்டு, வீட்டுக்கும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போனார். நான் இனிப்புதான் கூடிப்போயிற்று என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நெசத்தச் சொல்லு. காய எவ குடுத்தா?"

"எங்கம்மா குடுத்ததுக்கா. சிலோன்லருந்து கொண்டு வந்தேன்."

"போடிக்கு? ஏலக்காயி? சிலோன்லருந்து?" என்று என்னையே பார்த்தாள். "நல்லா சொன்ன போ. வேற எவகிட்டயும் இதச் சொல்லிராத. வாயால சிரிக்க மாட்டாளுக."

நான் டப்பாவை எடுத்துக் காட்டுவதற்குள் போய்விட்டாள். அன்று ராத்திரி முழுக்க யோசித்தும் நான் செய்த தப்பு என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போன அக்கா, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். கூப்பிட்டேன், பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் எனக்கு விளக்கினாள். கிட்டங்கியிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொருத்தியையும் முந்தானையை உதறச் சொல்லிச் சோதித்துத்தான் அனுப்புவார்களாம். அதனால் காய் பொறுக்குகிறவர்கள் இருக்கும் தெருவில் யார் வீட்டு அடுப்பிலும் ஏலக்காய் மணக்கக் கூடாது. மணந்தால், எவளோ திருடினாள் என்று அர்த்தம். கடையில் காசு கொடுத்தே வாங்கினாலும் யாரும் போடுவதில்லை. கணக்குப்பிள்ளை ராத்திரி பாயசத்தைக் குடித்திருக்கிறார். எங்களோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவள், தினம் கிண்ணம் கொடுத்து வாங்குகிறவள் யார் என்று பார்த்திருக்கிறார். "வேற சோலி பாத்துக்க" என்று அக்காவை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வரும்வரை பொறுத்திருக்கலாம். அது தோன்றவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் எதிரே நிற்கவே பயப்படுவோம். இங்கே நேராகக் கணக்குப்பிள்ளை முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் காய் புடைக்க வைத்திருந்த சுளகை இழுத்து டப்பாவைக் கவிழ்த்தேன்.

அங்கே குவிந்திருந்ததெல்லாம் பச்சைப் பசேலென்று பருத்த காய்கள். என்னுடையது வெளுத்து, சுருங்கி, வைக்கோல் நிறத்தில் கிடந்தது. எவரும் சொல்லத் தேவையில்லை, குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஏலக்காயாத்தா, வேப்பங்கொட்டையா?"

"கப்பல்ல வாந்தியெடுத்துச் சோந்து போயிருக்குடி பாவம்!"

கிட்டங்கியே சிரித்தது. கணக்குப்பிள்ளையும் சிரித்துவிட்டார். "ஏம்மா, இதையா கடல் தாண்டித் தூக்கிட்டு வந்த?" என்று கேட்டார். அம்மா கொடுத்தது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சுளகிலேயே போட்டார். பிறகு ஓர் ஆளைக் கூப்பிட்டு, அக்காவை வெரசாக வரச் சொல்லி அனுப்பினார்.

நான் காய்களை டப்பாவில் அள்ளிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் சோதனை போடும் அம்மாள் கையை நீட்டி மறித்தார். "டப்பாவ இங்கிட்டு வையி." நான் திரும்பிக் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ஒன் காய்தாம்மா, நான் இல்லைங்கல. ஆனா இந்த வாசலத் தாண்டி ஒரு காய் வெளிய போச்சுன்னா, நாளைக்கு இத்தன பேரும் 'இது எங்காத்தா குடுத்த காயி'ம்பாளுக. நான் எவளப் புடிக்கிறது? டப்பாவ வேணா கொண்டு போ."

எனக்கு அது நியாயமா அநியாயமா என்று தெரியவில்லை. அவர் கோபமாகவும் சொல்லவில்லை. வாசலோரம் இருந்த கூடையில் காய்களைக் கொட்டினேன். வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன். எதிரே அக்கா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நான் நல்லது செய்துவிட்டு வருகிறேனா, எதையோ தொலைத்துவிட்டு வருகிறேனா என்று வழியெல்லாம் குழப்பமாகவே இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். திட்டினாள். "கிறுக்குச் சிறுக்கி! டப்பாவோட எதுக்கு உள்ள போன? வாசல்ல நின்னு கூப்பிட்டா அவரு வெளிய வந்து பாக்க மாட்டாரா?" எனக்கு அது தோன்றவே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எத்தன வருசமா இது கையில இருக்கு. வாயில பட்டது நேத்துத்தான். நல்லாத்தான்டி இருந்துச்சு." போகும்போது, "இனிமே சுக்கத் தட்டிப் போடு, இந்தத் தெருவுல எல்லாரும் அதான்" என்றாள்.

அந்தக் கட்டுப்பாடு சரியா தப்பா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் புது ஊரில் யார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், இலையில் வைக்காமல் விட்டது எது, அதை விட்டதற்குப் பின்னால் யாருடைய பயம் இருக்கிறது என்று என் மனசு தேட ஆரம்பித்துவிடுகிறது.

மறுநாள் அக்கா வழக்கம்போல் வேலைக்குப் போனாள். நான் கடைக்குப் போய்ச் சுக்கு வாங்கி வந்தேன்.