சத்தியம் பண்ணாத சாட்சி

போன வாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பதறாதீர்கள்... என் மேல் கேஸ் இல்லை. இதுவரைக்கும்!

சாட்சி சொன்னது என் பேத்தி மதி. வயது ஏழு. அவளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் அந்தோணி மேல்தான் கேஸ். ஹார்பர் ரோட்டில் வேகமாக வந்து ஒரு பைக்கை இடித்துவிட்டாராம். பைக்காரருக்குக் கால் முறிவு. தீர்ப்பு எதிராக வந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அந்தோணி வீட்டில் அடுப்பு எரியுமா?

"மாதா சத்தியமா மெதுவாத்தான் வந்தேன் ஆச்சி" என்று தெரு முழுக்கச் சொல்லிப் பார்த்தார். ஆட்டோவில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள், "கோர்ட்டுக்கா? எங்க பிள்ளையையா?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் மதியைக் கேட்டேன்.

"பைக்குதான் வந்து முட்டிச்சு ஆச்சி."

போதுமே! அதற்கு மேல் நான் தோண்டவில்லை. தோண்டியிருக்க வேண்டும்.

பைக்காரர் ஏற்கெனவே கூண்டேறி, முறைப்படி சத்தியப்பிரமாணம் எடுத்து, ஆட்டோ பறந்து வந்து மோதியதாகச் சொல்லியிருந்தார். இப்போது மதியின் முறை. ஜட்ஜம்மா குனிந்து கேட்டார்.

"பொய் சொன்னா என்ன ஆகும் பாப்பா?"

"ஆச்சி முதுகுல ஒண்ணு வைக்கும்."

கோர்ட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சத்தியம்னா என்னன்னு தெரியுமா?"

"நாம சொல்லுதத யாரும் நம்பலன்னா பண்ணுறது."

ஜட்ஜம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்தக் குழந்தைக்குச் சத்தியப்பிரமாணம் வேண்டாம்" என்றார். உண்மை பேச வேண்டும் என்று தெரிந்தால் போதுமாம். சத்தியத்தின் அர்த்தம் புரியாத சின்னப் பிள்ளை அது இல்லாமலே சாட்சி சொல்லலாமாம். சட்டமே அப்படித்தானாம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள், எனக்கு எப்படித் தெரியும்?

அரசு வக்கீல் எழுந்தார்.

"ஆட்டோ மாமா மிட்டாய் வாங்கித் தருவாராம்மா?"

"தருவாவ."

"அதான் சப்போர்ட் பண்ண வந்துட்டியா?"

"இல்ல. நேத்து தரல. மாமாவோட நான் டூ."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "சரி, மாமா அன்னைக்கு வேகமா ஓட்டினாரா, மெதுவா ஓட்டினாரா?"

"ஓட்டவே இல்ல. ஆட்டோ ஓரமா நின்னுச்சு. அந்த அங்கிள் போனைப் பாத்துக்கிட்டே வந்து முட்டுனாவ."

"அப்போ மாமா என்ன பண்ணாரு?"

"செவுத்தோரமா ஒண்ணுக்குப் போனாவ."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்தோணி தலையே நிமிரவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏலே அந்தோணி, வண்டியிலேயே நான் இல்லன்னு மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னலே?"

"எப்படி ஆச்சி சொல்ல? பிள்ளைகளத் தனியா விட்டுட்டு எறங்கவே மாட்டேன்னு அம்மாமாருகிட்ட சத்தியம்லா பண்ணியிருக்கேன்! தெரிஞ்சா பிள்ளைய அனுப்புவாவளா?"

பார்த்தீர்களா? கோர்ட்டில் சத்தியம் செய்தவர் சொன்னது பொய். தெருவில் மாதாவைக் கூப்பிட்டவர் சொன்னதும் பொய். சத்தியமே பண்ணாத ஒருத்திதான்...

நேற்றுத் தீர்ப்பு. அந்தோணி விடுதலை! ஆனால் இன்று காலையில் ஆட்டோவைச் சுற்றி அம்மாக்கள் நின்றார்கள், கோர்ட்டைவிடக் கடுமையாக.

"இனிமே எறங்கவே மாட்டேன் தாயி. மாதா சத்தியமா..." என்று அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டார்.

உள்ளே உட்கார்ந்திருந்த மதி தலையை வெளியே நீட்டினாள்.

"சத்தியம்லாம் வேண்டாம் மாமா. வீட்லயே ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க!"