தொலைபேசிக் கூண்டுக்குள் சொன்ன பெயர்

எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம், அந்த ஆடிக் கலவரம் வருவதற்கு நாலு மாதம் முந்தி. அப்போது நாங்கள் பருத்தித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் இருந்தோம். என் கணவருக்கு வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. எனக்கு இருபத்தாறு வயது. வீட்டில் மூன்று வயது மகனும் மாமியும் நானும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் என்றால் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கப்பல் கொம்பனியிலிருந்து வரும் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து வாசிப்பிப்பேன். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் வாசிக்கும் குரல் சந்திவரை கேட்கும். கப்பல் எங்கே நிற்கிறது, இவர் எப்போது லீவில் வருகிறார் என்பதெல்லாம் நான் வீட்டுக்கு வந்து மாமியிடம் சொல்ல முந்தியே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ஒருநாள் மீன் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி, இவர் சித்திரைக்கு வருகிறாராமே என்று என்னிடம் விசாரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக் கடிதத்தை இனி நானே வாசிப்பேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். ஆனாலும் அடுத்த முறை வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே எல்லாம் சின்னச் சின்ன வாசிப்புகள். சந்தையில், பஸ் தரிப்பில், பல் வைத்தியரிடம், அயலவர் வீட்டு விருந்தில் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி போட்டு, அன்றாடம் மனிதர் பேசிக்கொள்ளும் தொடர்கள் ஐந்தாறு இருக்கும்.

சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். விளங்காத சொல்லுக்கு அகராதி வேண்டும். அதை அந்தக் கிளாக்கர் ஐயாவிடமே இரவல் வாங்கினேன். ரோஷம் வேறு, அகராதி வேறு. அடுத்த வீட்டு அக்காவின் கணவரும் கப்பல்காரர்தான். அவவையும் இழுத்து வைத்துக்கொண்டேன். பின்னேரத்தில் கிணற்றடியில் இருந்து மீன் வெட்டியபடி நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைப்போம். மழை வரும் போலிருக்கிறது என்று நான் சொல்வேன். அப்படியானால் குடை கொண்டுபோவது நல்லது என்று அவ சொல்லுவா. தலைக்கு மேல் வெயில் கொளுத்தும், இரண்டு வீட்டிலும் குடையே கிடையாது. மாமி எங்களைத் தாண்டிப் போகும்போது, "துரைசாணிமார் மழையைப் பாருங்கோ, அங்கை கறி அடிப்பிடிக்குது" என்பா. கறி உண்மையாகவே அடிப்பிடித்துத்தான் இருக்கும். இப்படியே இரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை முடித்துவிட்டேன்.

அந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படலையடியில் தந்தி வந்தது. தந்திக்காரர் கொடுத்துவிட்டு, கிளாக்கர் ஐயாவிடம் காட்டச் சொன்னார். நான் அங்கேயே நின்று பிரித்து வாசித்தேன். இவருக்குக் கப்பலில் கால் நசிந்து பெரிய காயம், அவுஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கடும் காய்ச்சலில் நினைவில்லை, சனிக்கிழமை பின்னேரம் ஒப்பரேஷன். கீழே ஆஸ்பத்திரியின் ரெலிபோன் இலக்கம். ஒரு சொல்லுக்குக்கூட எனக்கு அகராதி தேவைப்படவில்லை. வாசிக்கத் தெரிந்ததற்காக என் வாழ்க்கையில் நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

மாமியிடம் சொன்னேன். அவ அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. எனக்கோ கால் காயத்தை நினைத்து வந்த பயத்தைவிட வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவருக்குப் பெனிசிலின் ஆகாது. எங்களுக்குக் கலியாணம் முடிந்த வருடம் ஒரு சீழ்க்கட்டுக்காக அந்த ஊசி போட்டு, பத்து நிமிடத்துக்குள் முகமும் கழுத்தும் வீங்கி, மூச்சு அடைத்து, அரும்பொட்டில் தப்பியவர். இன்னொரு முறை போட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டொக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த விஷயத்தை இவர் கொம்பனிக்குச் சொல்லவேயில்லை. சொன்னால் மெடிக்கல் சோதனையில் விழுத்திவிடுவார்கள் என்ற பயம். எங்கும் எழுதிவைக்கவும் இல்லை. இப்போது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறார். அந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது. இங்கே எனக்கும் மாமிக்கும்தான் தெரியும்.

விடியும்வரை ஒருவரும் கண்மூடவில்லை. கொழும்பில் இருந்த கொம்பனி ஏஜென்ட் சனிக்கிழமையில் கந்தோர் திறப்பதில்லை. ஆகவே மகனை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, மாமியும் நானும் தபால் கந்தோர் திறக்க முதலே வாசலில் போய் நின்றோம். இலக்கத்தைக் கொடுத்து ட்ரங் கோல் பதிந்தேன். மூன்று நிமிடம் தருவார்கள். லைன் கிடைக்க நேரமாகும், அங்கே இப்போதே மத்தியானம் தாண்டியிருக்கும் என்று தபாலதிபர் சொன்னார். அதற்குள் ஒப்பரேஷன் தொடங்கிவிடுமோ என்று சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி சுவரோர வாங்குப் பலகையில் குந்தி, கந்தசுவாமியை வேண்டிக்கொண்டே இருந்தா.

இரண்டு மணித்தியாலம் கழித்து லைன் கிடைத்தது. தபாலதிபர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவையள் இங்கிலீஷ்தான் கதைப்பினம். நான் கதைக்கவோ?" என்றார்.

அவருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அவரிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் இவருடைய உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? திருப்பிக் கேள்வி கேட்டால் என்னிடம் கேட்டு, அதை அங்கே சொல்லி, அதற்குள் நேரம் முடிந்துவிடும். நானே கதைத்துக் காட்ட வேண்டும் என்ற தடிப்பும் மனத்துக்குள் கொஞ்சம் இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. "வேண்டாம் ஐயா, நானே கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போனேன்.

ஒரு தாதியின் குரல் கடலுக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. புத்தகத்தில் படித்தபடியே காலை வணக்கம் சொன்னேன். அங்கே காலை இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பருத்தித்துறையிலிருந்து கதைக்கிறேன், உங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அதுவரை ஒரு பிசகும் இல்லை. நோயாளியின் பெயர் என்ன என்று அவள் கேட்டாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கலியாணம் முடித்து ஐந்து வருடம். ஒருநாள்கூட நான் இவருடைய பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது ஒருத்தியும் சொல்லமாட்டாள். புருஷனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டால், நட்சத்திரத்தை நான் சொல்வேன், பெயரை மாமி சொல்லுவா. வீட்டில் மகனைச் சொல்லி 'தம்பியின்ரை அப்பா', வெளியில் 'இவர்'. கடித உறையில் எழுதுவதோடு சரி. மற்ற நாளென்றால் பரவாயில்லை, ஆயுள் ஊசலாடுகிற நாளில் அதை எப்படிச் சொல்வது?

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மகனின் தகப்பன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. நோயாளி உங்கள் மகனா, உங்கள் தகப்பனா என்று திருப்பிக் கேட்டாள். நான் மறுபடியும் மகனின் தகப்பன் என்றேன். அப்படியானால் மகனின் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். மகனுக்கு மூன்று வயது, அவன் அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று அதையும் சொல்லித் தொலைத்தேன். கண்ணாடிக்கு வெளியே தபாலதிபர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிடம் போய்விட்டது.

அந்த விரலைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இவருடைய முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, கத்திச் சொன்னேன். தூர லைன், கத்தாமல் கேட்காது. கவுண்டரில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளோ எழுத்துக்கூட்டச் சொன்னாள். எங்கள் பெயர்களின் நீளம் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை சொன்னாலே ஆயுள் குறையும் என்றால், எழுத்தெழுத்தாகச் சொன்னதற்கு எவ்வளவு குறையும்? முருகா, என்ரை ஆயுளிலை எடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

ஆள் இருக்கிறார், இன்னும் ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகவில்லை என்று அவள் சொன்னாள். இனிப் பெனிசிலினைச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது? அந்தச் சங்கதி என் புத்தகத்தில் இல்லை. ஆனால் விருந்து வாசிப்பு ஞாபகம் வந்தது. அதில் ஒருவருக்கு இறால் பரிமாறுவார்கள், அவர் தனக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று மரியாதையாகச் சொல்வார். இறாலை வேண்டாம் என்கிற மனிதரும் உலகத்தில் உண்டோ என்று நானும் அடுத்த வீட்டு அக்காவும் சிரித்த பாடம் அது. அந்த வசனத்தை அப்படியே எடுத்து, இறாலைத் தூக்கிவிட்டுப் பெனிசிலினை வைத்தேன்.

"பெனிசிலின் டஸ் நொட் அக்ரீ வித் ஹிம்."

அவள் உடனே, போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள். விருந்து மேசை மரியாதையெல்லாம் அதோடு போயிற்று. முகம் பெரிதாகும், கழுத்துப் பெரிதாகும், மூச்சு இல்லை, முந்தி ஒரு தடவை சாகப் பார்த்தவர் என்று கையில் கிடைத்த சொற்களையெல்லாம் எடுத்து எறிந்தேன். இலக்கணம் எந்தப் பக்கம் போனதோ தெரியாது. அவள் அலர்ஜி என்று ஏதோ ஒரு சொல் சொன்னாள். அதுவரை கேள்விப்படாத சொல். என்னவாக இருந்தாலும் அதுதான், டொக்டரிடம் இப்போதே சொல்லுங்கள் என்றேன். இப்போதே சொல்கிறேன், சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டேன் என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. லைன் அறுந்தது.

வெளியே வந்தபோது கவுண்டரில் நின்ற சனம் வழிவிட்டது.  மாமியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் அவவின் மகனின் பெயரைக் கத்தியதை அவ கேட்டுக்கொண்டுதானே இருந்தா. அவ எழும்பி வந்து சேலைத் தலைப்பால் என் முகத்து வியர்வையைத் துடைத்தா.

"விளங்கிச்சுதோ பிள்ளை அவளுக்கு?"

"விளங்கிச்சு மாமி."

"அது போதும். வா வீட்டை போவம்."

தபாலதிபர் பற்றுச்சீட்டைத் தரும்போது நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று விசாரித்தார். அடுப்படியில் என்று சொன்னேன். அவர் பகிடி என்று நினைத்திருப்பார்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. வைகாசியில் இவர் கைத்தடியோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் கையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் இவருடைய முழுப் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல். மறுபக்கம் சிவப்பில் அந்தப் புதுச் சொல்லும் பெனிசிலினும். என் கோல் வந்த நேரம் அந்த ஊசிக்குத்தான் எழுதி வைத்திருந்தார்களாம். அங்கே டொக்டர் இவரிடம், உன் மனைவி இங்கிலீஷ் ரீச்சரா என்று கேட்டாராம். இவர் ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாமி அந்தப் பட்டியைக் கொண்டுபோய் ஒழுங்கையில் வீடுவீடாகக் காட்டினா. முதலில் காட்டியது கிளாக்கர் ஐயாவுக்குத்தான், அவரும் வழக்கம்போலச் சந்திவரை கேட்க வாசித்தார். அந்த ஒரு தடவை எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.

பிறகு எத்தனையோ இடம் பெயர்ந்தோம், எத்தனையோ பேரை இழந்தோம். பெருமைப்பட என் வாழ்க்கையில் அதிகம் இல்லை, ஆனால் அந்த மூன்று நிமிடம் இருக்கிறது, அதை என்னிடமிருந்து ஒருவரும் பறிக்க முடியாது. இப்போதும் யாராவது என் முன்னால், புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று கதைக்கத் தொடங்கினால் நான் வாதாடுவதில்லை. சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் எழுபத்தைந்து வயது மனிதரைக் கையால் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.